குதிப்பதற்கு முன் இறங்கப் பழகுதல்: கிரிக்கெட் வீராங்கனைகளுக்கான வெடிதிறன் பயிற்சி

2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் நடந்த மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், தென்னாப்பிரிக்கத் தொடக்க ஆட்டக்காரர்கள் விக்கெட் இழப்பின்றி 50 ரன்களைக் கடந்து நிலைகொண்டிருந்தபோது, அமன்ஜோத் கவுர் பாய்ந்து பந்தை எடுத்து ஸ்டம்பை நேராகத் தகர்த்துத் தஸ்மின் பிரிட்ஸை ரன் அவுட் ஆக்கினார். பிறகு சதமடித்து ஆட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்த லாரா வோல்வார்ட் தூக்கி அடித்த பந்தையும், கையிலிருந்து நழுவ நழுவ விடாமல், அவரே பிடித்தார். இந்தியா 52 ரன் வித்தியாசத்தில் கோப்பையை வென்றது. தீப்தி சர்மாவின் ஐந்து விக்கெட்டுகளும் ஷபாலி வர்மாவின் 87 ரன்களும் அந்த வெற்றிக்கு அடிப்படை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆட்டம் திசை திரும்பிய அந்த இரண்டு இடங்களிலும் வேலை செய்தது, ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் உடல் தன் விசையை வெளியே கொட்டிய திறன்தான்.

ரன் அவுட்டின் கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். இரு கிரீஸ்களுக்கும் இடையிலான தூரம் 17.68 மீட்டர். நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடிவரும் ஒருவர், புறப்படும்போதோ திரும்பும்போதோ ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கை மிச்சப்படுத்திவிட்டால், முடிவில் 60 சென்டிமீட்டர் முன்னால் இருப்பார். மூன்றாம் நடுவர் திரையில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் இடைவெளி பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அந்தப் பத்தில் ஒரு பங்கு நொடியை உடலுக்குள் எப்படி உண்டாக்குவது என்பதற்கான விடையைத் தேடுவதே வெடிதிறன் பயிற்சி. பயிற்சியாளர்கள் அதைப் பிளையோமெட்ரிக் என்ற பெயரில் அறிவார்கள்.

சேலம் மாவட்டத்தை முன்னிறுத்தி இதை எழுதக் காரணம் உண்டு. சின்னப்பம்பட்டியிலிருந்து புறப்பட்ட நடராஜன் 2020 டிசம்பரில் இந்திய அணிக்காக ஆடியதும், வாழப்பாடியை அடுத்த காட்டுவேப்பிலைப்பட்டியில் அமைந்த மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடப்பதும் இங்குள்ள சிறுவர்களுக்கு மட்டுமன்றிச் சிறுமிகளுக்கும் கிரிக்கெட்டை எட்டக்கூடிய ஒன்றாக ஆக்கியிருக்கின்றன. 2023-ல் மகளிர் பிரீமியர் லீக் தொடங்கிய பிறகு, பெண் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோருக்குச் சொல்வதற்கு ஒரு காரணமும் கிடைத்திருக்கிறது. ஆயினும் பல மைதானங்களில் உடற்பயிற்சி என்பது இன்றும் நான்கைந்து ரவுண்டு ஓட்டம், சிறிது கைகால் நீட்டல், பிறகு வலைப்பயிற்சி என்ற அளவிலேயே நிற்கிறது. சில இடங்களில் இதற்கு நேர்மாறாக, கைப்பேசியில் பார்த்த காணொளியைக் கொண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமியை இடுப்பளவுப் பெட்டியிலிருந்து குதிக்கச் சொல்கிறார்கள். முதலாவது பயன் தராது. இரண்டாவது தீங்கே தரக்கூடும்.

இந்தப் பயிற்சி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இரண்டையும் தவிர்க்கலாம். ஒரு தசை தன் உச்ச விசையை எட்ட ஏறத்தாழ 0.3 நொடி அல்லது அதற்கும் மேல் ஆகிறது. முழு வேகத்தில் ஓடும் ஒருவரின் பாதமோ தரையில் 0.1 நொடியை ஒட்டிய நேரமே இருக்கிறது. ஆகவே எவ்வளவு எடையைத் தூக்க முடியும் என்பது மட்டும் ஓட்டத்தையோ தாவலையோ தீர்மானிப்பதில்லை; கிடைக்கும் அந்தச் சொற்ப நேரத்துக்குள் எவ்வளவு விசையைத் திரட்ட முடிகிறது என்பதே தீர்மானிக்கிறது. மெல்ல எழும் பெரிய வலிமையை விட விரைந்து எழும் நடுத்தர வலிமை ஆடுகளத்தில் அதிகம் உதவும் தருணங்கள் பல உண்டு.

விசையை விரைந்து எழுப்ப உடலிடம் ஒரு வழி இருக்கிறது. சுருங்குவதற்குச் சற்று முன் ஒரு தசை திடீரென நீட்டப்பட்டால், அதன் பின்வரும் சுருக்கம் வலுவாக அமைகிறது. உண்டிவில்லின் ரப்பரை இழுத்து உடனே விட்டால் கல் பாய்வது போல, குதிகால் நாண் முதலிய தசைநாண்கள் நீளும்போது விசையைத் தேக்கிவைத்துக் குறுகும்போது திருப்பித் தருகின்றன. அத்துடன், தசைக்குள் இருக்கும் நுண்ணிய உணரிகள் திடீர் நீட்சியை உணர்ந்து, மூளையின் கட்டளைக்குக் காத்திராமல், தண்டுவட அளவிலேயே சுருங்கும்படி தூண்டுகின்றன. நீட்சிக்கும் சுருக்கத்துக்கும் இடையே தாமதம் ஏற்பட்டால் இந்த ஆதாயம் வெப்பமாகச் சிதறிவிடும். பாதம் தரையைத் தொட்டு விலகும் நேரம் 0.25 நொடிக்குள் அமையும் அசைவுகளை விரைவு வகை என்றும், அதற்கு மேற்பட்டவற்றை மெது வகை என்றும் ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள். இந்தப் பிரிவினை கிரிக்கெட்டுக்கு மிகவும் பயன்படுவது; அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

1960களில் சோவியத் ஒன்றியத்தில் மும்முறைத் தாண்டுதல் வீரர்களை ஆராய்ந்த யூரி வெர்கோஷான்ஸ்கி, உயரத்திலிருந்து இறங்கித் தரையைத் தொட்டவுடன் மேலெழும் பயிற்சியை முறைப்படுத்தி, அதை அதிர்ச்சி முறை என்று அழைத்தார். 1975-ல் அமெரிக்கப் பயிற்சியாளர் பிரெட் வில்ட் இவ்வகைப் பயிற்சிகளுக்குப் பிளையோமெட்ரிக்ஸ் என்ற பெயரைச் சூட்டினார். வெர்கோஷான்ஸ்கியிடம் வந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் எடைப்பயிற்சி செய்து முற்றிய உடலைப் பெற்றிருந்த வளர்ந்த வீரர்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அவருடைய முறையின் உச்சப் படியை மட்டும் எடுத்துக்கொண்டு, கீழ்ப்படிகளை விட்டுவிடுவதிலிருந்தே இன்றைய தவறுகள் பெரும்பாலும் பிறக்கின்றன.

கிரிக்கெட்டில் வெடிதிறன் தேவைப்படும் இடங்கள் ஒரே வகையானவை அல்ல. பீல்டிங்கில் முதல் மூன்று அடிகளும், பக்கவாட்டில் பாயும் தாவலும், விக்கெட் கீப்பர் குந்திய நிலையிலிருந்து எழுவதும் நேரடியாகக் கால்களின் வெடிதிறனைச் சார்ந்தவை. வேகப்பந்து வீச்சில் முன்கால் தரையில் பதியும் கணம் விரைவு வகையைச் சேர்ந்தது: ஓடிவந்த வேகம் முழுவதும் அந்த ஒற்றைக் காலில் தடுக்கப்பட்டு, இடுப்பு, முதுகு, தோள் வழியாகப் பந்துக்கு மாறுகிறது, முன்கால் முழங்கால் மடங்கித் தளர்ந்தால் அந்த வேகம் அங்கேயே கரைந்துவிடும். 2024 மார்ச்சில் மகளிர் பிரீமியர் லீக்கில் ஷப்னிம் இஸ்மாயில் மணிக்கு 132.1 கிலோமீட்டர் வேகத்தில் வீசியபோது, பந்து அவர் கையை விட்டு மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை நொடியே ஆகியிருக்கும். அந்த அரை நொடிக்குள் பந்தைக் கண்டு, முடிவெடுத்து, மட்டையைச் சுழற்ற வேண்டிய மட்டையாளருக்குத் தேவைப்படுவது இடுப்பிலிருந்து தொடங்கும் சுழற்சியின் வெடிதிறன்.

மகளிர் ஆட்டத்தில் எல்லைக்கோடு 55 முதல் 64 மீட்டர் வரை அமைகிறது. பந்தும் ஆண்களுடையதை விடச் சற்று எடை குறைந்தது, 140 முதல் 151 கிராம் வரை. எடை குறைந்த பந்து காற்றில் விரைவாக வேகமிழக்கும் என்பதால், அந்த 60 மீட்டரைத் தாண்டுவதும் எளிய வேலையாக இருப்பதில்லை. சிக்சர் அடிக்கத் தோள் வலிமை போதும் என்று நினைப்பவர்கள் பலர். தரையை உதைக்கும் கால்களிலிருந்து எழும் விசை இடுப்பைத் திருப்பாவிட்டால், தோள் தனியாகச் செய்யக்கூடியது மிகச் சிறிது.

இரண்டாம் ரன்னுக்காகத் திரும்பும் இடம் வேறு வகை. அங்கே பாதம் தரையில் 0.25 நொடியை விட அதிக நேரம் இருக்கிறது. வேகத்தைக் குறைத்து, தாழ்ந்து, மட்டையைக் கோட்டுக்கு நீட்டி, மறுபடி புறப்பட வேண்டும். இதில் தசைநாணின் மீள்திறனை விட, வேகத்தை அடக்கி நிறுத்தும் தொடைத் தசைகளின் வலிமையே முன்னிற்கிறது. துள்ளல் பயிற்சிகளை மட்டும் செய்துவிட்டு ரன் ஓட்டம் மேம்படவில்லையே என்று வருந்துபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஸ்குவாட் (குந்தி எழுதல்), லஞ்ச் (ஒரு காலை முன்வைத்துத் தாழ்ந்து எழுதல்) போன்ற வலிமைப் பயிற்சிகளும், பத்து மீட்டர் ஓடி இரண்டே அடிகளில் நிற்கும் பயிற்சியும் சேராமல் திரும்பும் வேகம் கூடாது.

தமிழகப் பல்கலைக்கழகங்களின் உடற்கல்வித் துறைகளில் இந்தப் பொருளில் தொடர்ந்து ஆய்வுகள் நடக்கின்றன. அவற்றின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: கல்லூரி வீராங்கனைகளில் ஒரு சிறு குழுவினரைத் தேர்ந்தெடுத்து, அவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் சில வாரங்கள் பிளையோமெட்ரிக் பயிற்சி அளித்து, முன்னும் பின்னும் வேகம், நின்ற நிலையில் நீளத் தாண்டுதல், விரைந்து திசைமாறும் திறன் ஆகியவற்றை அளப்பார்கள். பயிற்சி பெற்ற பிரிவு முன்னேறியிருக்கும். மற்றது அப்படியே இருக்கும். இந்த முடிவை நான் நம்புகிறேன், ஏனெனில் உலகின் பிற இடங்களில் பிற விளையாட்டுகளில் நடந்த ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. ஆனால் ஒப்பீட்டுப் பிரிவுக்கு எந்தப் பயிற்சியும் தரப்படாதபோது, ஏதேனும் ஒன்றைச் செய்வது ஒன்றும் செய்யாதிருப்பதை விடச் சிறந்தது என்பதற்கு மேல் அந்த ஆய்வு நமக்கு அதிகம் சொல்வதில்லை. பிளையோமெட்ரிக், எடைப்பயிற்சியை விடச் சிறந்ததா, இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும், முன்னேற்றம் ஆட்டத்தில் ரன்னாகவும் கேட்சாகவும் மாறியதா, பயிற்சிக் காலத்தில் எத்தனை பேருக்கு முழங்கால் வலித்தது என்ற கேள்விகளுக்கு விடை தரும் ஆய்வுகளே இனி இங்கே நடக்க வேண்டும். கடைசிக் கேள்வி பெண்களைப் பொறுத்தவரை மிக முக்கியமானது.

தாவுவதும் திடீரெனத் திரும்புவதும் மிகுந்த விளையாட்டுகளில், ஏசிஎல் எனப்படும், முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் தசைநார் கிழியும் வாய்ப்பு பெண்களுக்கு ஆண்களை விடப் பல மடங்கு அதிகம் என்பது பல நாடுகளின் பதிவுகளில் தெளிவாக இருக்கிறது. இடுப்பின் அகலமும் முழங்கால் எலும்பின் அமைப்பும் ஒரு காரணம். ஆனால் அவற்றை நாம் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது இறங்கும் முறை. பயிற்சி பெறாத பல பெண்கள் குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்கின்றன. இடுப்பும் முழங்காலும் போதுமான அளவு மடங்காமல் கால் விறைப்பாகவே இருக்கிறது. பின்தொடைத் தசைகள் வேலை செய்யாமல் முன்தொடைத் தசைகளே முழுச் சுமையையும் ஏற்கின்றன. அமெரிக்காவின் சின்சினாட்டியில் டிமோதி ஹீவெட் குழுவினர் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலைப் பள்ளி வாலிபால் வீராங்கனைகள் ஆறு வாரம் முறையான தாவல் பயிற்சி பெற்ற பின், அவர்கள் இறங்கும்போது தரையிலிருந்து எழும் உச்ச விசை 22 விழுக்காடு குறைந்தது. குதிக்கும் உயரம் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடியது. 1999-ல் அதே குழு வெளியிட்ட பெரிய ஆய்வில், பயிற்சி பெறாத மாணவிகளுக்குக் கடுமையான முழங்கால் காயம் ஏற்பட்ட விகிதம், பயிற்சி பெற்ற மாணவிகளுடையதைப் போல 3.6 மடங்காக இருந்தது.

ஆக, ஒரே பயிற்சி ஆற்றலையும் கூட்டுகிறது, காயத்தையும் குறைக்கிறது. இறங்கும் முறையைக் கற்பித்தால் மட்டுமே இது நடக்கும் என்பதுதான் நிபந்தனை.

இதில் வயதும் சேர்ந்துகொள்கிறது. சிறுமிகளின் உயரம் மிக வேகமாகக் கூடுவது பொதுவாகப் பன்னிரண்டு வயதை ஒட்டி. பருவமடைதலுக்குப் பின் ஆண் பிள்ளைகளின் தசை தானாகவே வளர, அவர்கள் குதிக்கும் உயரமும் தானாகவே ஏறுகிறது. பெண் பிள்ளைகளுக்கு எடையும் எலும்பின் நீளமும் கூடுகின்றன. அவற்றைத் தாங்கும் வலிமை அதே வேகத்தில் கூடுவதில்லை. அதனால்தான் அந்த வயதில் பலருடைய குதிக்கும் திறன் தேங்கி நின்றுவிடுகிறது. முழங்கால் காயங்களும் அப்போதிலிருந்தே அதிகரிக்கின்றன. பயிற்சி மிக அதிகப் பலன் தருவதும், மிக அவசியமாவதும் பன்னிரண்டு முதல் பதினைந்து வயது வரையிலான அந்த இடைவெளியில்தான். நம் ஊர்களில் பெண் பிள்ளைகள் மைதானத்தை விட்டு வெளியேறுவதும் சரியாக அதே வயதில். வயதுக்கு வந்த பெண் குதித்து ஆடலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, பதினொன்றாம் வகுப்பிலோ கல்லூரியிலோ மறுபடி அணியில் சேரும் பெண், பழைய உடலின் நினைவோடு புதிய உடலைக் கொண்டு தாவுகிறாள். இந்த இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்வதை விடப் பெரிய உதவி எதையும் ஒரு பள்ளியோ குடும்பமோ அவளுக்குச் செய்துவிட முடியாது. குதிப்பதால் கருப்பைக்குத் தீங்கு வரும் என்ற அச்சத்துக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. மாதவிடாய் நாட்களிலும், வலியோ சோர்வோ தடுக்காத வரையில், பயிற்சியை நிறுத்தத் தேவையில்லை.

இனி நடைமுறை. முதல் மூன்று நான்கு வாரங்களில் உயரமாகக் குதிக்கும் பயிற்சி எதுவும் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அந்த நாட்களில் ஸ்குவாட், லஞ்ச், ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துதல், மண்டியிட்டு உடலை மெல்ல முன்னே சாய்த்துப் பின்தொடையை வலுப்படுத்தும் பயிற்சி ஆகியவற்றோடு, ஒரு சாண் உயரத் திண்ணை அல்லது படியிலிருந்து அடியெடுத்து இறங்கி, அப்படியே இரண்டு மூன்று நொடி அசையாமல் நிற்கும் பயிற்சி போதும். இறங்கும் ஒலி மென்மையாக இருக்க வேண்டும். முழங்கால் பாதத்தின் நடுவிரலுக்கு நேராக நிற்க வேண்டும். இடுப்பு பின்னால் போக வேண்டும். பயிற்சியாளர் முன்னால் நின்று பார்த்தால் உள்நோக்கிச் சாயும் முழங்காலை எளிதில் கண்டுவிடலாம். சரியாக இறங்கத் தெரிந்த பிறகு, நின்ற இடத்தில் குதித்து அசையாமல் இறங்குதல், முன்னோக்கித் தாண்டி அசையாமல் இறங்குதல், அடுத்துக் கணுக்காலால் மட்டும் துள்ளும் விரைவுத் துள்ளல்கள், ஸ்கிப்பிங், பக்கவாட்டில் ஒரு காலிலிருந்து மறுகாலுக்குத் தாவுதல், பிறகு ஒற்றைக்கால் தாவல்கள் என்று படிப்படியாக ஏறலாம். உயரத்திலிருந்து இறங்கி உடனே எழும் டெப்த் ஜம்ப், இவை எல்லாம் கைவந்த பின், 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்க வேண்டியது. உயரத்தை 30-லிருந்து 60 சென்டிமீட்டராக்கினால் இறங்கும்போது தாங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்காகிறது. அந்த உயரத்தில் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு எழத் தாமதித்தால், பயிற்சியின் நோக்கமே போய்விடும். பெட்டியின் உயரத்தைப் பெருமைக்குரியதாகப் பேசுவதை மைதானங்கள் கைவிட வேண்டும்.

பாண்டி ஆடி வளர்ந்த பெண்களுக்கு இதில் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கோட்டை மிதிக்காமல் ஒற்றைக்காலில் தாவி, சில்லை எடுக்கக் குனிந்து சமநிலை காத்து, திரும்பித் தாவுவது அருமையான ஒற்றைக்கால் பயிற்சி. நொண்டியும் பச்சைக்குதிரையும் அப்படியே. பத்து வயதுக்குட்பட்ட சிறுமிகளுக்கு இந்த ஆட்டங்களும் ஸ்கிப்பிங் கயிறும் போதும். அவர்களுக்குத் தனியாகப் பெட்டியும் தடையும் தேவையில்லை. மேலுடலுக்கு இரண்டு அல்லது மூன்று கிலோ மெடிசின் பால் எனப்படும் கனமான பயிற்சிப் பந்தைச் சுவரை நோக்கிப் பக்கவாட்டில் சுழன்று எறிவதும், தலைக்கு மேலிருந்து எறிவதும் மட்டை வீச்சுக்கும் பந்து எறிவதற்கும் நேரடியாக உதவும்.

அளவைப் பொறுத்தவரை, பாதம் தரையைத் தொடும் எண்ணிக்கையே கணக்கு. அமெரிக்காவின் தேசிய வலிமை மற்றும் உடற்திறன் சங்கம் புதியவர்களுக்கு ஒரு வேளைக்கு 80 முதல் 100 தொடுதல்கள் என்று வழிகாட்டுகிறது. வாரத்துக்கு இரண்டு வேளை, இடையில் 48 முதல் 72 மணி நேர ஓய்வு, ஒவ்வொரு தொகுதிக்கும் இடையே முழுமையான இளைப்பாறல் என்பவை பொதுவாக ஏற்கப்பட்ட விதிகள். பள்ளிச் சிறுமிகளுக்கு 60-லிருந்து தொடங்குவதை நான் விரும்புவேன். மூச்சு வாங்க வாங்கச் செய்தால்தான் பயிற்சி என்ற எண்ணம் இங்கே தவறாகப் போகிறது. களைத்த தசை மெதுவாகச் சுருங்குகிறது, களைத்த முழங்கால் உள்நோக்கிச் சாய்கிறது. ஆகவே வெடிதிறன் பயிற்சி உடல் சூடேறிய உடனேயே, வலைப்பயிற்சிக்கும் நீண்ட ஓட்டத்துக்கும் முன்பாக, புத்துணர்ச்சியோடு செய்யப்பட வேண்டியது. தரை புல்லாகவோ கொத்திவிட்ட செம்மண்ணாகவோ இருக்கலாம். சிமெண்ட் தளமும் மொட்டை மாடியும் கூடாது. ஆற்றுமணல் மூட்டுகளுக்கு இதமானது, ஆனால் பாதத்தைப் புதையவிட்டுத் தொடுநேரத்தை நீட்டுவதால், அங்கே செய்த துள்ளல் கெட்டித் தரையில் செய்ததற்கு ஈடாகாது.

வேகப்பந்து வீச்சாளர்களுக்குக் கணக்கு வேறு. வலையில் பத்து ஓவர் வீசும் பெண், ஒவ்வொரு பந்துக்கும் முன்காலை ஊன்றி, தன் உடல் எடையைப் போல் பல மடங்கு விசையை ஒற்றைக் காலில் தாங்கியிருக்கிறாள். அதுவே 60 கடுமையான ஒற்றைக்கால் தொடுதல்கள். அதற்கு மேல் 100 தாவல்களைச் சேர்ப்பது பயிற்சித் திட்டம் ஆகாது. வளரும் வயதுப் பந்துவீச்சாளர்களுக்கு இடுப்பு முதுகெலும்பில் ஏற்படும் அழுத்த முறிவு உலகெங்கும் அறியப்பட்ட பிரச்சினை. சேலத்தின் பெருமையான நடராஜனே இந்திய அணிக்கு ஆடிய சில மாதங்களில், 2021 ஏப்ரலில், முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. பந்து வீசும் நாட்களில் தாவல் பயிற்சியைத் தவிர்ப்பது, வாரத்துக்கு வீசிய மொத்தப் பந்துகளை ஒரு நோட்டில் எழுதிவைப்பது ஆகிய இரண்டும் செலவில்லாத பாதுகாப்புகள்.

சேர்வராயன் மலையைப் பற்றிய ஒரு நம்பிக்கையையும் இங்கே பேசியாக வேண்டும். ஏற்காட்டில் பயிற்சி செய்தால் வேகம் கூடும் என்று பலர் சொல்வார்கள். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைவாழ்வால் இரத்தத்தின் ஆக்சிஜன் தாங்கும் திறனைக் கூட்டும் முறைக்குப் பொதுவாக 2,000 மீட்டருக்கு மேல் பல வாரங்கள் தங்க வேண்டும். அப்படிக் கூடும் திறனும் நீண்ட ஓட்டத்துக்கே உரியது. மூன்று நான்கு நொடிகளில் முடியும் ஒரு பாய்ச்சலுக்கு ஆக்சிஜனை நம்பாத வேறு எரிபொருள் பயன்படுகிறது. எனவே வெடிதிறனுக்கு ஏற்காட்டின் உயரம் நேரடியாக ஒன்றும் தராது. ஆனால் மலை வேறு இரண்டைத் தருகிறது. ஒன்று சரிவு: மேடேறி ஓடும் குறுவிரைவு ஓட்டத்தில் பாதம் விழும் தூரம் குறைவதால் மோதல் குறைகிறது, இடுப்பும் பின்தொடையும் கடுமையாக உழைக்கின்றன, வலிமையும் நல்ல இறங்கு முறையும் இன்னும் கைகூடாத பெண்ணுக்கு இது மிகப் பொருத்தமான முதல் வெடிதிறன் பயிற்சி. அடிவாரத்தை ஒட்டிய ஏதேனும் ஒரு மண் சரிவில் 15 முதல் 20 மீட்டர் மேலே ஓடி, மெல்ல நடந்து இறங்கி, ஆறு எட்டு முறை செய்தால் போதும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஓடி ஏறுவது மனவுறுதிக்கு நல்லதாக இருக்கலாம். ஓடி இறங்குவது முழங்காலுக்கு நல்லதன்று, இறக்கத்தில் ஒவ்வோர் அடியும் தொடைத் தசைகளை நீட்டிச் சிதைக்கும் சுமை.

மலையின் மற்றொரு கொடை குளிர்ச்சி. ஏப்ரல், மே மாதங்களில் சேலம் நகர மைதானங்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் தரமான பயிற்சி நடப்பது கடினம். அதே வேளையில், குளிர்ந்த தசை மெதுவாகவே சுருங்கும் என்பதால் ஏற்காட்டின் டிசம்பர்க் காலையில் தாவத் தொடங்கும் முன், சேலத்தில் செய்வதைப் போல் இருமடங்கு நேரம் உடலைச் சூடேற்ற வேண்டியிருக்கும்.

பேசத் தயங்கும் ஒன்றையும் பேசிவிட வேண்டும். சரியான ஸ்போர்ட்ஸ் பிரா இல்லாமல் தாவல் பயிற்சி செய்வது வலியையும் கூச்சத்தையும் தருகிறது. பல பெண்கள் அதனாலேயே தோள்களைக் குறுக்கிக்கொண்டு, கைகளை வீசாமல், பாதி உயரமே குதிக்கிறார்கள். ஆண் பயிற்சியாளருக்கு அது சோம்பலாகத் தெரிகிறது. அணிக்கு மட்டையும் பேடும் வாங்கும் பட்டியலில் இதுவும் இடம்பெற வேண்டும். உடற்கல்வி ஆசிரியையோ மூத்த வீராங்கனையோ இதை எடுத்துச் சொல்வது எளிது.

உணவைப் பற்றிச் சுருக்கமாக. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரத்தசோகை ஒரே ஒரு தாவலைக் கெடுக்காது. தாவல்களுக்கு இடையே உடல் மீள்வதைக் கெடுக்கும். பயிற்சி தொடங்கும் முன் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுவது அரசு மருத்துவமனையிலேயே முடியும் வேலை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருப்பதால், நம் பக்கத்து ராகிக் களியும் கூழும் எலும்புக்கு உகந்தவை. முருங்கைக்கீரை, கொள்ளு, வேர்க்கடலை, சத்துணவு முட்டை ஆகியவற்றைச் சேர்த்து, சாப்பிட்ட உடனே தேநீர் குடிக்கும் பழக்கத்தை விட்டால், இரும்புச்சத்து உடலில் சேர வழி பிறக்கும்.

முன்னேற்றத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. விரலில் சாக்பீஸ் பூசிச் சுவரருகே நின்று எட்டிய உயரத்துக்கும், குதித்து எட்டிய உயரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அளக்கலாம்; நின்ற இடத்தில் மேலே குதிக்கும் உயரத்தை அளக்கும் சோதனையை அமெரிக்க உடற்கல்வியாளர் டட்லி சார்ஜென்ட் 1921-லேயே எழுதிவிட்டார். அதனுடன் நின்ற நிலையில் நீளத் தாண்டுதலும், 20 மீட்டர் ஓட்டமும், மட்டையோடு மூன்று ரன் ஓடும் நேரமும் சேர்ந்தால் ஓர் அணிக்குப் போதுமான பதிவு கிடைத்துவிடும். ஆறு முதல் எட்டு வாரங்களில் மாற்றம் தெரியத் தொடங்கும். போட்டிக் காலத்தில் தொடுதல்களைப் பாதியாகக் குறைத்து வாரம் ஒரு வேளை செய்தால் பெற்றதைக் காத்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாட்களில் டெப்த் ஜம்ப் கூடாது.

இந்தப் பதிவுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒரு பெண்ணின் குதிக்கும் உயரம் இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால், அவள் முயலவில்லை என்று திட்டுவதற்கு முன், தூக்கம், உணவு, தேர்வுச் சுமை, முழங்கால் வலி என்று வரிசையாகக் கேட்க வேண்டும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பதும் அந்தக் கேள்விகளில் ஒன்று; அதை ஒரு பெண்தான் கேட்க வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால், உழைப்புக்கு ஏற்ற உணவு உடலுக்குள் போகவில்லை என்பதும், எலும்பு அடர்த்தி குறையத் தொடங்கியிருக்கலாம் என்பதும் அதன் பொருளாக இருக்கக்கூடும். அந்த நிலையில் தாவல் பயிற்சியை அன்றே நிறுத்தி, அவளைப் பெற்றோருடன் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.